பானையையும் பாட்டையும் கோயிலைவிட்டு வெளியே அனுப்பாதீர்கள்: பங்குத்தந்தைக்கும் பங்குப் பேரவைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப் பேரவையின் அண்ணன்மார், தம்பிமார், அக்காமாருக்கும்,

சென்ற ஞாயிறு பூசை முடிந்ததும் வாசிக்கப்பட்ட அறிவிப்பை நானும் உட்கார்ந்து கேட்டேன். பக்கத்தில் இருந்த பெரியம்மாவுக்குக் காது மந்தம். "என்னத்தா சொல்றாக?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மறுநாள் எங்கள் அன்பியத்தின் (அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த செபக்குழு) பிரதிநிதியிடம் போய்க் கேட்டேன். "முடிவாயிருச்சுக்கா, இனி பேசி என்ன" என்றார். பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதனால் பங்கில் எல்லாரும் படிக்கும்படியே எழுதுகிறேன்.

அறிவிப்பில் இருந்தது இது. ஜனவரி 17, வனத்து அந்தோணியார் திருவிழாவில் இனிமேல் கோயில் வளாகத்தில் யாரும் பொங்கல் வைக்கக் கூடாது. ஊரே சேர்ந்து ஆக்கும் அசனச் சோறு கிடையாது. வீட்டுக்கு 1,500 ரூபாய் வரி, மதுரையிலிருந்து சாப்பாட்டுப் பொட்டலம். சப்பரத்துக்கு முன்னால் நம் ஊர்த் தப்பு மேளம் வேண்டாம், வெளியூர் செண்டை மேளம் போதும். அப்புறம், பெரிய வெள்ளி இரவில் பெண்கள் பாடும் புலம்பல் நிறுத்தப்படுகிறது. அந்த நேரத்தில் திரை கட்டிப் படம் போடப்படும். இதற்கெல்லாம் சொன்ன காரணம், இவை பிற மதப் பழக்கங்கள், இவற்றைக் களைந்தால்தான் விசுவாசம் ஆழப்படும் என்பது.

செலவு, புகை, குப்பை என்று காரணம் சொல்லியிருந்தால் நான் பேரவைக் கூட்டத்துக்கு வந்து பேசிவிட்டுப் போயிருப்பேன். விசுவாசத்துக்காக என்றீர்கள். அங்கேதான் எனக்கு வலித்தது. ஏனென்றால் எனக்கு விசுவாசம் வந்த வழியே அதுதான்.

சாமி, நீங்கள் இந்தப் பங்குக்கு வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நான் சிறுபிள்ளையாக இருந்தபோது இந்த ஊர் தனிப் பங்கு இல்லை, கிளைக் கிராமம். சாமியார் மாதம் ஒருமுறை சைக்கிளில் வருவார், மழைக்காலத்தில் அதுவும் இல்லை. மற்ற நாட்களில் யார் எங்களைக் கிறிஸ்தவர்களாக வைத்திருந்தது? என் வீட்டில் என் அப்பத்தா. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. உலை கொதித்ததும் அரிசியைக் களைந்து போடுவதற்கு முன் ஒரு பிடி எடுத்து, சிலுவை அடையாளம் போட்டு, தனிக் கலயத்தில் போடுவார். பஞ்சமோ மழையோ, அந்தப் பிடி அரிசி தவறியதில்லை. சனிக்கிழமை அந்தக் கலயத்தை என் தலையில் ஏற்றிக் கோயிலுக்கு அனுப்புவார். அது ஊரில் ஆதரவில்லாத கிழவிகளுக்குப் போகும். ஒரு தடவை வீட்டில் எங்களுக்கே அரை வயிறுதான். "இன்னைக்கு எடுக்காட்டி என்ன அப்பத்தா?" என்று கேட்டேன். "நாம அரை வயிறு சாப்பிட்டா அவுக கால் வயிறாச்சும் சாப்பிடணும்ல" என்றார். ஏழைக் கைம்பெண்ணின் காணிக்கை பற்றி மறைக்கல்வி வகுப்பில் படித்தபோது எனக்கு அது புதுச் செய்தியாக இல்லை. எங்கள் அடுப்படியில் பார்த்ததுதான்.

நண்பகல் மணி அடித்தால் நடவு வயலில் குனிந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் நிமிர்ந்து, சேற்றுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு திரிகால செபம் சொல்வார்கள். கூட நடவு நட்ட வேறு சாதி, வேறு சாமி கும்பிடும் பெண்களும் அதுவரை பேசாமல் நிற்பார்கள். களத்தில் நெல்லைக் குவித்ததும் தாத்தா பொலியின் உச்சியில் விரலால் சிலுவை வரைவார். அதற்குப் பிறகுதான் மரக்கால் உள்ளே போகும். அப்பத்தாவின் தகரப் பெட்டியில் ஒரு துணி முடிச்சில் ஓரியூர்ச் செம்மண் இருந்தது. 1693இல் அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ சாமியார்) வேதத்துக்காக வெட்டுப்பட்ட மண். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றால் அதை நெற்றியில் தொட்டு வைப்பார். மருந்துக்கும் கூட்டிப்போவார், இரண்டையும் அவர் குழப்பிக்கொண்டதில்லை.

என் தாத்தா பெயர் சின்னப்பன். பவுல் என்ற பெயருக்குச் சிறியவர் என்று பொருள், அதனால் நம் முன்னோர் அவரைச் சின்னப்பர் என்றார்கள். கடவுளின் அருள் என்று பொருள்படும் யோவானை அருளப்பர் ஆக்கினார்கள். யாரோ தூரதேசத்து மனிதர்கள் பெரியப்பா, சித்தப்பா போல எங்கள் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது அப்படித்தான். இன்று அந்தப் பெயர்களை நம் பிள்ளைகளுக்கு வைக்க ஆளில்லை. அது வேறு வருத்தம், இங்கே வேண்டாம்.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 1773இல் பாப்பரசர் இயேசு சபை என்ற துறவற சபையைக் கலைத்தார். அந்தச் சபை இங்கே நடத்திய பழைய மதுரை மிஷனின் சாமியார்கள் ஒவ்வொருவராக வயதாகி இறந்துபோனார்கள். பிரெஞ்சு இயேசு சபையினர் மறுபடி இங்கே வந்து சேர்ந்தது 1830களின் கடைசியில். நடுவில் ஏறக்குறைய 60 வருஷம். இவ்வளவு பெரிய நாட்டுக்கு மிகச் சில குருக்களே இருந்தார்கள். பூசை காணாமலே பிறந்து வளர்ந்து கல்யாணம் கட்டியவர்கள் ஏராளம். அந்த 60 வருஷம் விசுவாசம் எங்கே இருந்தது? உபதேசியார்களின் வாயில் இருந்தது. அம்மானைப் பாட்டில், செபமாலை மணியில், கல்லறைத் திருநாள் சோற்றில், பெண்களின் அழுகையில் இருந்தது. வந்தவர்கள் வெறும் தரிசைப் பார்க்கவில்லை, விளைச்சலைப் பார்த்தார்கள். காப்பாற்றி வைத்தது நீங்கள் இன்று களை என்று பிடுங்கச் சொல்கிற இதே பயிர்தான்.

பிற மதப் பழக்கம் என்ற சொல்லுக்கு வருகிறேன். 1606இல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிய இயேசு சபைச் சாமியார் மதுரைக்கு வந்தார். காவி உடுத்தி, மண் குடிசையில் இருந்து, மரக்கறி மட்டும் உண்டு, தமிழில் பேசினார். கூட இருந்த பாதிரிமாரே இது அஞ்ஞானப் பழக்கம் என்று ரோமாபுரிவரை புகார் கொண்டுபோனார்கள். வழக்குப் பல வருஷம் இழுத்தது. 1623 ஜனவரி 31 அன்று பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் தீர்ப்புச் சொன்னார்: மூட நம்பிக்கையை நீக்கிவிட்டு, குடுமியும் சந்தனமும் பூணூலும் குளியலும் இருக்கலாம் என்று. நம் மதுரையில் எழுந்த வழக்கு சாமி அது. 400 வருஷத்துக்கு முன்பே தீர்ந்துபோனதை மறுபடி நம் பேரவை ஏன் எடுக்கிறது?

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் வழிபாடு பற்றிய ஏட்டில், மக்களின் வாழ்வில் மூடநம்பிக்கையோடும் தவறோடும் பின்னிக் கிடக்காத எதையும் திருச்சபை பரிவோடு பார்க்கும் என்று சொன்னது. 1969இல் ஆரத்தி, எண்ணெய் விளக்கு, கைகூப்பி வணங்குவது உட்பட 12 விஷயங்களை இந்தியத் திருப்பலிக்கு ரோமாபுரி ஏற்றுக்கொண்டது. இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். வேளாங்கண்ணியில் நாம் மாதாவுக்குச் சேலை சாத்துகிறோம். சுற்று ஊர்க்காரர்கள் நம்மை வேதக்காரர் என்கிறார்கள், இந்த இடத்தை வேதக்கோயில் என்கிறார்கள். வேதம், கோயில், பூசை, குரு எல்லாம் எங்கிருந்து வந்த சொற்கள்? அவற்றையும் களைந்துவிட்டு எந்தச் சொல்லால் செபிப்பது?

பொங்கல் என்ன செய்கிறது? அறுத்த முதல் நெல்லைக் குத்தி, அந்தோணியார் முன்னால் பொங்க வைத்து, கடவுளுக்கு நன்றி சொல்கிறது. அறுவடையின் முதல் கதிர்க்கட்டை ஆண்டவர் முன் கொண்டுவரச் சொல்லி லேவியர் புத்தகம் 23ஆம் அதிகாரம் சொல்கிறது. வனத்து அந்தோணியார் ஆடு மாடுகளின் காவலர். அவர் திருநாள் மாட்டுப் பொங்கலையொட்டி வருவதை எங்கள் முன்னோர் கொடையாக எடுத்துக்கொண்டார்கள். மாட்டுக்குக் கொம்பு சீவி, வர்ணம் அடித்து, கோயில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி மந்திரித்துக்கொண்டு போகிறோம். திண்டுக்கல் பக்கம் புகையிலைப்பட்டியில் கோயில் திருவிழாவுக்கு ஜல்லிக்கட்டே நடக்கிறது. அந்த மக்களின் விசுவாசம் எதில் குறைந்துவிட்டது?

அசனத்தைப் பற்றி உங்களில் யாருக்கும் தோன்றாத ஒன்றைச் சொல்கிறேன். கீழத்தெருக் கடைசி வீட்டில் கணவன் இல்லாத ஓர் அம்மா இருக்கிறார். நூறு நாள் வேலைக் கூலிதான் வருமானம். போன திருவிழாவுக்கு அவர் கொல்லையில் காய்த்த நாலு கத்தரிக்காயையும் ஒரு கட்டு விறகையும் கொண்டுவந்து கொடுத்தார். அண்டாவில் அந்த நாலு காயும் விழுந்தபோது அவர் முகத்தை நான் பார்த்தேன். ஊருக்குச் சோறு போட்ட முகம். இனி அவர் எதைக் கொடுப்பார்? 1,500 ரூபாய் அவரால் கட்ட முடியாது. "அவருக்கு விலக்குத் தருவோம்" என்று நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். விலக்குத் தந்தால் அவர் பொட்டலம் வாங்கிக்கொண்டு போகிறவர் ஆகிவிடுவார். இவ்வளவு நாளும் அவர் கொடுக்கிறவராக இருந்தார். திண்டுக்கல் முத்தழகுபட்டிச் செபஸ்தியார் திருவிழாவுக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். நேர்ச்சையாக வந்த ஆடு, கோழி, அரிசி, கத்தரிக்காய் எல்லாம் ஒன்றாக வெந்து, எந்த மதத்தார் வந்தாலும் அதே பந்தியில் அதே சோறு. ஐயாயிரம் பேருக்கு அப்பம் பெருகியதைப் பிரசங்கத்தில் கேட்பதைவிட அந்தப் பந்தியில் உட்கார்ந்து அறிவது அதிகம்.

புகையும் குப்பையும் உண்மை. போன வருஷம் இரண்டு பேர் குடித்துவிட்டு வந்து பந்தியில் சண்டை போட்டதும் உண்மை, எங்களுக்கும் வெட்கம்தான். அதற்கு வழி பண்ணலாம். பொங்கலுக்குக் கோயிலின் தென்பக்க மைதானத்தைக் குறித்துக் கொடுங்கள். அசனத்தைப் பெண்கள் குழுவிடம் விடுங்கள், குடித்தவர்களை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

இனி, எனக்கு எழுதக் கடினமான பகுதி.

1996 சித்திரையில் என் தம்பி கிணற்றில் விழுந்து இறந்தான். மோட்டாரைப் பார்க்க இறங்கியவன். 22 வயது. அம்மா அதன் பிறகு அழவில்லை, பேசவுமில்லை. கோயிலுக்கு வருவதை நிறுத்திவிட்டார். அப்போதிருந்த சாமியார் நல்ல மனிதர். நாலைந்து முறை வீட்டுக்கு வந்து, கடவுள் சித்தம் என்று ஆறுதல் சொன்னார். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். செபமாலையைக் கையில் கொடுத்தால் வாங்குவார், அப்படியே மடியில் நழுவ விடுவார். இப்படிப் பதினோரு மாதம்.

அடுத்த வருஷம் பெரிய வெள்ளி வந்தது. பாடுபட்ட சுரூபத்தைச் சிலுவையிலிருந்து இறக்கி, மர மஞ்சத்தில் வெள்ளை விரித்துக் கிடத்தியிருந்தார்கள். எண்பதைத் தாண்டிய அப்பத்தா வழக்கம்போலத் தலைமாட்டில் உட்கார்ந்து புலம்பலை எடுத்தார். மாதா தன் மகனைப் பார்த்து அழுவதாக அந்தப் பாட்டு. வரி ஒவ்வொரு வருஷமும் மாறும், அப்போது நெஞ்சில் வருவதுதான். அன்று பாடியது எனக்கு இன்னும் மனப்பாடம்:

ஆணி அடிச்சவன் கைக்கு – அய்யா
ஆத்தான்னு ஒருத்தி இல்லையோ

பெண்கள் தோளோடு தோள் சேர்ந்து வட்டமாக உட்கார்ந்து "அய்யா, அய்யா" என்று கூடச் சேர்ந்தார்கள். அப்போது அம்மா வாசலில் வந்து நின்றார். யாரும் கூப்பிடவில்லை. சத்தம் கேட்டு வீட்டிலிருந்து தானாக வந்திருக்கிறார். கொஞ்ச நேரம் நின்றார். பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். உட்கார்ந்து, மாதாவின் சுரூபத்தை நிமிர்ந்து பார்த்துப் பாடினார்:

தாகம்னு கேட்டானாமே ஒம் மகன் – தாயே
தண்ணிக்குள்ள கெடந்தானே எம் மகன்

கோயில் முழுக்க அழுதது. ஆண்கள் வெளியே எழுந்து போனார்கள். அம்மா விடியும்வரை பாடினார். உயிர்ப்புப் பெருவிழாப் பூசைக்குக் குளித்து, சேலை மாற்றி வந்து நன்மை (நற்கருணை) வாங்கினார். சாகும்வரை ஒரு ஞாயிறு தவறவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த ஒருத்தி, பிள்ளையைப் பறிகொடுத்த இன்னொருத்தியிடம் நேராகப் பேச அந்தப் பாட்டு வழி கொடுத்தது. அம்மாவுக்குத் தெரிந்த பாஷை அது. தாய்வீட்டுச் சாவிலும் மாமியார்வீட்டுச் சாவிலும் பாடிப் பழகிய ஒப்பாரி. அந்த இடத்தில் திரை கட்டிப் படம் போட்டிருந்தால் அம்மா என்ன செய்திருப்பார் சாமி? படம் பார்க்கிறவருக்கு வாய் எதற்கு?

பிள்ளைகள் வேறு செபக்கூட்டங்களுக்குப் போகிறார்கள் என்று பேரவையில் கவலைப்பட்டதாகக் கேள்விப்பட்டேன். என் தெருவிலிருந்து அப்படிப் போன இரண்டு பெண்களிடம் ஏன் என்று நானே கேட்டேன். ஒருத்தி சொன்னாள்: "அங்க சத்தமா அழலாம்க்கா." நம் கோயிலில் அழ இருந்த ஒரே இரவையும் நீங்கள் மூடுகிறீர்கள்.

தப்பு மேளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதில் நம் எல்லாருக்கும் பங்குள்ள ஒரு பாவம் இருக்கிறது. பழக்கம் என்பதால் எல்லாமே நல்லது என்று நான் சொல்லவில்லை. நொபிலி மதுரையில் சந்தனத்தையும் குடுமியையும் ஏற்றபோது சாதியையும் ஊர் வழக்கம் என்று விட்டுவிட்டார். அதன் கசப்பு இன்றும் நம் கோயிலில் இருக்கிறது. நம் சப்பரம் மேலத்தெரு, நடுத்தெரு சுற்றி, காலனி முக்கில் திரும்பிவிடுகிறது. தப்பு அடித்து முன்னால் நடக்கிறவர்கள் காலனிக்காரர்கள். அவர்கள் வீட்டு வாசலுக்கு அந்தோணியார் போனதே இல்லை. பழக்கத்தைக் களைய வேண்டுமென்றால் முதலில் களைய வேண்டியது இது. உங்கள் அறிவிப்பில் இதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. தப்பு போகிறது, தெரு எல்லை இருக்கிறது.

நாமே சாவுக்கு அடி, கூலி வாங்கு என்று அவர்களை வைத்திருந்ததால், ஒரு தலைமுறை தப்பைத் தொடவே மாட்டோம் என்று வைத்துவிட்டது. அது நியாயமான கோபம். பிறகு அவர்கள் பிள்ளைகள் அதைத் தங்கள் கலையாகக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அரசரடியில் உள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அறியப்பட்ட தியாபிலஸ் அப்பாவு ஐயா, நாட்டுப்புற மெட்டையும் பறையையும் வழிபாட்டுக்குள் மரியாதையோடு கொண்டுவந்தார். சீர்திருத்தச் சபையார் செய்ததை நாம் செய்யக் கூடாதா? நம் பையன்களுக்குச் சம்பளம் பேசாமல், செண்டைக்கு மட்டும் பல்லாயிரம் ரூபாய் பேசுவது எந்த வகை விசுவாச வளர்ச்சி?

நான் கேட்பது இவைதான். இந்தத் திருவிழாவிலேயே பொங்கலுக்கு அனுமதி தாருங்கள், சாமி வந்து முதல் பானையை மந்திரியுங்கள். 1,500 ரூபாய் வரியை நிறுத்துங்கள். முடிந்தவர் பணமாகவும் மற்றவர் அரிசி, காய், விறகு, உழைப்பு எதுவாகவும் கொடுக்கட்டும், எல்லாம் ஒரே அண்டாவில் வேகட்டும். தப்பு அடிக்கும் பிள்ளைகளைப் பாடகர் குழுவோடு சமமாக நிறுத்தி, செண்டைக்குப் பேசிய பணத்தை அவர்களுக்குக் கொடுங்கள். சப்பரம் இந்த வருஷம் காலனிக்குள் போய்த் திரும்ப வேண்டும். யாராவது தோள் கொடுக்க மறுத்தால் நாங்கள் பெண்கள் கொடுக்கிறோம்.

பெரிய வெள்ளி இரவை எங்களிடம் விட்டுவிடுங்கள். பாடத் தெரிந்தவர்கள் இப்போது ஏழு பேர்தான், அதில் நாலு பேர் எழுபதைத் தாண்டியவர்கள். தவக்காலம் முழுக்க வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்தபின் ஒரு மணி நேரம் கோயிலைத் திறந்து வைத்தால், இளம்பெண்களுக்கு நாங்கள் கற்றுக்கொடுப்போம். பாட்டுகளை நோட்டில் எழுதுகிறோம், போனில் பதிவும் செய்கிறோம். மறைக்கல்வி ஆசிரியைகளும் வரட்டும்.

கடைசியாக ஒன்று. இந்த முடிவு எடுத்த கூட்டத்தில் இருந்த 14 பேரில் பெண்கள் இரண்டு பேர், காலனியிலிருந்து ஒருவரும் இல்லை. கொடியேற்றத்துக்கு முன்னால், ஜனவரி முதல் ஞாயிறு பூசை முடிந்ததும், பங்கு மக்கள் எல்லாரையும் உட்காரவைத்து ஒரு கூட்டம் நடத்துங்கள். இந்த மடலை அங்கே வாசியுங்கள். நான் வந்து நின்று பதில் சொல்கிறேன். பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு வருவேன், ஒலிபெருக்கிச் சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
மேலத்தெரு அன்பியத்தைச் சேர்ந்த உங்கள் பங்கு மகள்